ஊக்கமருந்தில் சிக்கியவரிடம் தோற்ற என் அக்காவுக்கு இனி என்ன வழி?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்கள் அக்கா இரண்டு ஆண்டுகளுக்கு முன் தேசியப் போட்டி ஒன்றில் 400 மீட்டர் ஓட்டத்தில் நாலாவதாக வந்தார். முதலாவதாக வந்தவர் பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி நான்கு ஆண்டுத் தடை பெற்றார். பேப்பரில் செய்தி பார்த்துத்தான் உங்கள் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. மெடல் இல்லாததால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைக்க வேண்டிய வேலையும் கைவிட்டுப் போனது. அந்த வெண்கலம் அக்காவுக்கு வருமா, கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

உண்மையில் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ரிசல்ட் மாறுமா என்பது ஒன்று. மாறினால் மெடலும் சான்றிதழும் கைக்கு வருமா என்பது இன்னொன்று. அந்த மெடல் இல்லாததால் போன வேலைக்கும் வருடங்களுக்கும் யார் பொறுப்பு என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு விதியிலேயே தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவது, விடாமல் பின்தொடர்பவருக்குக் கிடைக்கும். மூன்றாவதற்கு உலகத்தில் எங்குமே நல்ல பதில் இல்லை. சென்னையில் 17 வருடமாக வக்கீலாக இருக்கிறேன். ஊக்கமருந்து விசாரணைகளில் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்ட வீரர்களுக்காகத்தான் ஆஜராகியிருக்கிறேன். தோற்றவர் பக்கம் நின்றது நாலைந்து முறைதான். இரண்டு பக்கத்தையும் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஒரு தேதி. அந்த வீராங்கனையிடம் சிறுநீர் மாதிரி எடுத்தது எந்த நாள்? எல்லாமே இதில்தான் இருக்கிறது. அக்கா ஓடிய அதே போட்டியில் எடுத்த மாதிரி என்றால் பிரச்சினையே இல்லை, அந்தப் போட்டியின் முடிவு தானாகவே ரத்தாகும். தெரியாமல் சாப்பிட்டேன், மாத்திரையில் கலப்படம் என்று அவர் நிரூபித்தால்கூடத் தடைக்காலம்தான் குறையும், ரிசல்ட் திரும்பி வராது. போட்டிக்கு முன்பே எடுத்த மாதிரி என்றால், அந்தத் தேதியிலிருந்து தற்காலிகத் தடை விழும் நாள் வரை அவர் ஓடிய எல்லாப் போட்டிகளும் ரத்தாக வேண்டும் என்பதுதான் பொது விதி. நியாயம் வேறு மாதிரி கேட்டால் ஒழிய என்று ஒரு வாசல் மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் மாதிரி போட்டிக்குப் பிறகு எடுத்ததாக இருந்தால், முந்தைய ரிசல்ட் அப்படியே நிற்கும். போட்டி நாளிலேயே மருந்து எடுத்திருந்தார் என்பதற்குத் தனி ஆதாரம் வேண்டும்: வாக்குமூலம், மருந்து வாங்கிய ரசீது, அல்லது ரத்த அளவுகளை வருடக்கணக்கில் பதிவு செய்யும் உயிரியல் பாஸ்போர்ட்.

இந்தக் கடைசி வகைதான் மனதுக்கு மிகவும் கசப்பானது. நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியிலும் அடுத்த மாதம் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் இந்தியப் பெண்கள் 4x400 ரிலேயில் தங்கம் வாங்கினார்கள். 2011-ல் அந்த அணியின் மன்தீப் கவுர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி மூவரும் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். 2010 மெடல்கள் அப்படியே இருக்கின்றன. 2010-ல் அவர்கள் மருந்து எடுத்தார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது, அதனால் சட்டப்படி அது சரி. ஆனால் டெல்லியில் இரண்டாவதாக வந்த நைஜீரியப் பெண்களின் இடத்தில் நின்று யோசித்தால் உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் மனநிலை புரியும். நாம் பாதிக்கப்பட்ட பக்கம் மட்டுமே இருந்தவர்கள் இல்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

தேதி சாதகமாக அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 4x400 கலப்பு ரிலேயில் பஹ்ரைன் 3:11.89-ல் முதலாவது, இந்தியா 3:15.71-ல் இரண்டாவது. நம் அணியில் ஓடியவர்கள் முகமது அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ், லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ். பஹ்ரைன் வீராங்கனை கெமி அடெகோயா ஓட்டத்தில் வழிமறித்தார் என்று இந்தியா அன்றைக்கே புகார் கொடுத்தது, அது எடுபடவில்லை. பின்னால் அவர் ஸ்டானசோலால் என்ற ஸ்டீராய்டில் சிக்கினார். ஆகஸ்ட் 24 முதல் அவர் பெற்ற முடிவுகள் எல்லாம் ரத்தாயின. ரிலே நடந்தது ஆகஸ்ட் 28. நான்கே நாள் வித்தியாசம். அதனால் 2020 ஜூலையில் வெள்ளி தங்கமானது. அவரே ஜெயித்த 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் நாலாவதாக இருந்த அனு ராகவனுக்கு வெண்கலம் வந்தது. உங்கள் அக்காவின் நிலைமைக்கு மிகவும் நெருங்கிய வழக்கு இதுதான்.

அதே 2020-ன் நடுவில், அதே திருச்சி மாவட்டத்தில், இன்னொரு செய்தி. முடிகண்டம் கிராமத்துக் கோமதி மாரிமுத்து 2019-ல் தோஹா ஆசிய சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டரில் வாங்கிய தங்கம் பறிபோனது, நான்கு ஆண்டுத் தடை. அவர் ஜெயித்தபோது தமிழ்நாடே கொண்டாடியது, நானும்தான். ஆனால் மார்ச் மாதம் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் எடுத்த மாதிரியிலேயே நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. அந்த ரிசல்ட் சீக்கிரம் வந்திருந்தால் அவர் தோஹாவுக்கே போயிருக்க மாட்டார். இரண்டாவதாக வந்த சீனாவின் வாங் சுன்யூ மேடையில் நின்று தன் தேசிய கீதத்தைக் கேட்டிருப்பார். சோதனைக்கூடம் தாமதித்த ஒவ்வொரு வாரத்துக்கும் விலை கொடுத்தது அந்த ட்ராக்கில் நேர்மையாக ஓடிய மற்றவர்கள். ஆரோக்கிய ராஜீவுக்கு நியாயம் கேட்கும் நாம் வாங் சுன்யூவுக்கும் அதே நியாயத்தைக் கேட்டால்தான் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

சரி, தேதி சாதகம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் ஏன் உங்கள் அக்காவுக்கு யாரும் ஒரு கடிதம்கூடப் போடவில்லை? இதுதான் இந்த முறையின் ஆழமான குறை என்று நினைக்கிறேன். ஊக்கமருந்து வழக்கு என்பது தடுப்பு அமைப்புக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையே நடப்பது. நம் நாட்டு ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவின் விசாரணை அறையில் ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு டாக்டர், ஒரு முன்னாள் வீரர் என்று மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே நாடாவின் வக்கீல், இந்தப் பக்கம் வீரர், பக்கத்தில் நான். தோற்றவருக்கு அந்த அறையில் ஒரு நாற்காலி கிடையாது. தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் யார் அப்பீல் செய்யலாம் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதி ஒரு பட்டியலே போட்டிருக்கிறது: சம்பந்தப்பட்ட வீரர், வழக்கின் எதிர்த்தரப்பு, சர்வதேசச் சம்மேளனம், தேசிய அமைப்பு, ஒலிம்பிக் கமிட்டி, உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா. நாலாவதாக வந்தவர் பெயர் அதில் இல்லை.

இதன் விளைவு என்ன என்பதை ஆஸ்திரேலிய நடை வீரர் ஜாரட் டாலன்ட் வழக்கில் பார்க்கலாம். 2012 லண்டன் 50 கிலோமீட்டர் நடையில் ரஷ்யாவின் செர்கேய் கிர்த்யாப்கின் தங்கம், டாலன்ட் வெள்ளி. கிர்த்யாப்கினின் உயிரியல் பாஸ்போர்ட்டில் ரத்த அளவுகள் முறைகேடாக இருந்தது தெரிந்து ரஷ்ய அமைப்பு தடை போட்டது. ஆனால் எந்தெந்தக் காலத்து முடிவுகள் ரத்து என்று அவர்களே பொறுக்கி எடுத்தார்கள். லண்டன் ஒலிம்பிக் நடந்த நாட்கள் மட்டும் லாவகமாக வெளியே நின்றன! இதைப் பார்த்து டாலன்ட் நேரே லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போக விதி இடம் தரவில்லை. சர்வதேசத் தடகளச் சம்மேளனம் போக வேண்டியிருந்தது, போனது. 2016 மார்ச்சில் தீர்ப்பு மாறியது, ஜூனில் மெல்போர்னில் அவர் கழுத்தில் தங்கம் விழுந்தது. சம்மேளனம் சும்மா இருந்திருந்தால் டாலன்ட் இன்றும் வெள்ளிக்காரர்தான்.

முற்றிலும் கதவு அடைத்ததும் இல்லை. கனடாவின் பனிச்சறுக்கு வீராங்கனை பெக்கி ஸ்காட் 2002 சால்ட் லேக் சிட்டியில் வெண்கலம் வாங்கினார். முன்னால் வந்த இரண்டு ரஷ்யப் பெண்களும் அதே ஒலிம்பிக்கின் பின்னாள் போட்டிகளில் பிடிபட்டார்கள், ஆனால் முந்தைய ஓட்டத்தின் முடிவு ரத்தாகவில்லை. அவர் தன் நாட்டு ஒலிம்பிக் கமிட்டியோடு சேர்ந்து வழக்காடினார். வெண்கலம் வெள்ளியாகி, வெள்ளி தங்கமாகி, 2004-ல் வான்கூவரில் கைக்கு வந்தது. இரண்டு வழக்கிலும் ஒரே பாடம்: பின்னால் ஒரு சங்கம் நிற்க வேண்டும். அதனால்தான் எப்போதும் சொல்கிறேன், முதல் கடிதம் கோர்ட்டுக்கு இல்லை, சங்கத்துக்கு.

அடுத்து காலக்கெடு. இப்போதைய விதிப்படி ஒரு மீறலைப் பற்றி 10 ஆண்டுக்குள் வீரருக்கு நோட்டீஸ் போக வேண்டும். அதற்குப் பிறகு ஆதாரம் கிடைத்தாலும் பயனில்லை. 2015-க்கு முன் அது 8 ஆண்டு. அமெரிக்கக் குண்டெறி வீரர் ஆடம் நெல்சன் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், பழைய ஒலிம்பியா மைதானத்தில் 21.16 மீட்டர் எறிந்தார், உக்ரைனின் யூரி பிலோனோக்கும் அதே 21.16. இரண்டாவது சிறந்த எறிதலை வைத்து பிலோனோக்குக்குத் தங்கம். 8 ஆண்டு முடியும் தறுவாயில் பழைய மாதிரிகளை மறுசோதனை செய்தபோது பிலோனோக் சிக்கினார். நெல்சனுக்குத் தங்கம் கிடைத்தது 2013-ல், அட்லாண்டா விமான நிலையத்துச் சாப்பாட்டுக் கூடத்தில். கொடி, கீதம், கூட்டம் எதுவும் இல்லை. அதே ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நம் அஞ்சு பாபி ஜார்ஜ் நீளம் தாண்டுதலில் 6.83 மீட்டர் தாண்டி ஆறாவதாக இருந்து, அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து விவகாரத்தில் நீக்கப்பட்டதால் ஐந்தாவதானார். முதல் மூன்று இடமும் ரஷ்யர்களுக்கு: லெபெதேவா, சிமகினா, கோட்டோவா. அதில் கோட்டோவா 2005 உலகச் சாம்பியன்ஷிப் மாதிரியின் மறுசோதனையிலும், லெபெதேவா 2008 ஒலிம்பிக் மாதிரியின் மறுசோதனையிலும் பிறகு சிக்கினார்கள். கோட்டோவா நீக்கப்பட்டதால் 2005 மொனாக்கோ உலக ஃபைனலில் அஞ்சுவின் வெள்ளி தங்கமானது. 2004 ஏதென்ஸ் முடிவு மட்டும் அசையவில்லை. அஞ்சுவும் அன்று நாலாவதாக வந்த ஆஸ்திரேலியரும் இன்னும் சிலரும் சேர்ந்து கேட்டுப் பார்த்தார்கள். ஒருவர் 2005-ல் எடுத்தார் என்பது 2004-ல் எடுத்தார் என்பதற்கு ஆதாரம் ஆகாது, 2004-ஐத் திறக்கக் காலமும் தாண்டிவிட்டது.

காலக்கெடுவைப் பற்றிப் பேசும்போது கிழக்கு ஜெர்மனியை விட்டுவிட முடியாது. 1976 மான்ட்ரியலில் பெண்கள் நீச்சலில் 13 தங்கத்தில் 11 கிழக்கு ஜெர்மனிக்கு. அமெரிக்காவின் ஷர்லி பாபஷாஃப் 200, 400, 800 மீட்டர் மூன்றிலும் வெள்ளி, மெட்லி ரிலேயிலும் வெள்ளி. அந்தப் பெண்களின் குரலையும் உடம்பையும் பார்த்து அவர் சந்தேகத்தை வெளியே சொன்னார். தோல்வியைத் தாங்கத் தெரியாதவள் என்று அவருடைய நாட்டுப் பத்திரிகைகளே பட்டப்பெயர் வைத்தன. பின்னாளில் தபால் பட்டுவாடா வேலை பார்த்தார். நெதர்லாந்தின் எனித் பிரிகிதா 100 மீட்டரில் கிழக்கு ஜெர்மனியர் இருவருக்குப் பின்னால் மூன்றாவது. நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண்ணாக அவர் இருந்திருக்கலாம். பெர்லின் சுவர் விழுந்த பிறகு விஞ்ஞானி வெர்னர் ஃப்ராங்கேயும் அவர் மனைவி பிரிகிட்டே பெரன்டோங்கும் ராணுவ மருத்துவ ஆவணங்களை மீட்டு வெளியே கொண்டுவந்தார்கள். அரசே திட்டம் போட்டு, சிறுமிகளுக்கு வைட்டமின் என்று சொல்லி ஓரல்-டூரினபோல் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தது காகிதத்தில் இருந்தது. 2000-ல் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் தலைவர் மான்ஃப்ரெட் எவால்டையும் டாக்டர் ஹோப்னரையும் குற்றவாளிகள் என்றது. இருவரும் ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கத் தேவையில்லாத தண்டனை. இதைவிடப் பெரிய ஆதாரம் உலகில் எந்த ஊக்கமருந்து வழக்கிலும் கிடைத்ததில்லை. ஆனாலும் ஒலிம்பிக் கமிட்டி ஒரு மெடலைக்கூட மாற்றவில்லை.

அது சரியா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். கமிட்டி பக்கம் ஒரு வாதம் உண்டு, அதை நான் லேசாக நினைக்கவில்லை. அந்த மாத்திரையை விழுங்கிய பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, அவர்களும் பலியானவர்கள். பலருக்கு ஈரல் கெட்டது, கருத்தரிப்பதில் சிக்கல் வந்தது. ஜெர்மன் அரசு 2002-ல் சட்டம் போட்டு ஆளுக்குப் பத்தாயிரம் யூரோ சொச்சம் இழப்பீடு கொடுத்தது. அவர்களிடம் போய் மெடலைக் கேட்பது கொடுமைதான். ஆனால் அவர்களிடமிருந்து பறிக்காமலே பாபஷாஃபுக்கும் பிரிகிதாவுக்கும் இன்னொரு தங்கம் வார்த்துக் கொடுத்திருக்கலாமே? அதற்குக் காலக்கெடு தடையில்லை, மனசுதான் தடை. இது என் கருத்து, சட்டம் இல்லை.

உங்கள் அக்கா விஷயத்தில் 10 ஆண்டுக் கெடு பயப்படுத்தாது, ஏனென்றால் மீறல் ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது. ஆனால் வேலை அறிவிப்புகளுக்கு வயது வரம்பு உண்டு, அந்தக் கெடு யாருக்காகவும் நிற்காது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஈட்டி எறியும் பெண் வந்தார். அவருக்கு முன்னால் வந்தவர் நீக்கப்பட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. ரிசல்ட் தாளைத் திருத்திக் கையெழுத்துப் போட அந்தச் சங்கத்தில் இன்னும் இரண்டு வருடம் இழுத்தார்கள். திருத்திய சான்றிதழ் கையில் வந்தபோது அவருக்கு வயது வரம்பு நான்கு மாதம் தாண்டியிருந்தது. நான் நோட்டீஸ் அனுப்ப ஆறு மாதம் தயங்கினேன், சங்கத்தைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று. அந்த ஆறு மாதம் என் கணக்கில்தான் இருக்கிறது.

ஒருவர் நீக்கப்பட்டால் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஒரு படி மேலே ஏறுவார்கள் என்பதும் எப்போதும் நடப்பதில்லை. 2000 சிட்னியில் மரியன் ஜோன்ஸின் மெடல்கள் பறிபோனபோது, 200 மீட்டரில் மூன்றாவதாக வந்த இலங்கையின் சுசந்திகா ஜெயசிங்க வெள்ளிக்கு ஏறினார். அதுவும் ஜோன்ஸ் ஒப்புக்கொண்டு இரண்டு வருடம் கழித்து, 2009 டிசம்பரில். ஆனால் 100 மீட்டரில் இரண்டாவதாக வந்த கிரேக்க வீராங்கனை தானு 2004-ல் சோதனைக்கு வராமல் தவிர்த்தவர் என்பதால் அவரைத் தங்கத்துக்கு ஏற்றவில்லை. அந்தத் தங்கம் இன்றுவரை யாருக்கும் இல்லை. குழுப் போட்டிகளில் இன்னும் சிக்கல். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் ஃபிகர் ஸ்கேட்டிங் அணிப் போட்டியில் ரஷ்யச் சிறுமி கமிலா வாலியேவா நீக்கப்பட்டபோது அவர் எடுத்த புள்ளிகளைக் கழித்தார்கள், மற்றவர்களின் புள்ளிகளை மேலே ஏற்றவில்லை. அதனால் ரஷ்ய அணி ஒரு புள்ளி வித்தியாசத்தில் வெண்கலத்தில் தங்கியது, கனடா நாலாவதாகவே நின்றது. கனடாவின் அப்பீலும் 2024-ல் தள்ளுபடி ஆனது. உங்கள் அக்காவுடையது தனிநபர் ஓட்டம், அதனால் இந்தக் குழப்பம் வராது. ஆனாலும் இடையில் வந்த இருவர்மீது வேறு வழக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2012 லண்டன் பெண்கள் 1500 மீட்டரில் முதல் இருவரும் நீக்கப்பட்டு, நாலாவது வந்தவரும் 2024-ல் நீக்கப்பட்டு, ஆறாவதாக ஓடி முடித்த ஷானன் ரோபரி மூன்றாம் இடத்துக்கு வந்தார். இப்படியும் நடக்கிறது.

தாமதம் என்ன செய்யும் என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். சிட்னி ஆண்கள் 4x400 ரிலேயில் தங்கம் வாங்கிய அமெரிக்க அணியில் ஆன்டோனியோ பெட்டிக்ரூ 2008-ல் தான் மருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். தங்கம் நைஜீரியாவுக்கு என்று முடிவானது 2012 ஜூலையில். அந்த நைஜீரிய அணியின் சண்டே பாடா 2011 டிசம்பரிலேயே இறந்துவிட்டார்.

இப்போது மூன்றாவது கேள்வி, பணமும் வேலையும். உலக விதியில் பரிசுப் பணத்தைப் பற்றி ஒரு வரி உண்டு: பறித்த பணத்தை மீட்ட அமைப்பு, அது யாருக்குப் போயிருக்க வேண்டுமோ அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். மீட்டால்தானே! அதே விதியின் விளக்கக் குறிப்பு ஒன்று, பாதிக்கப்பட்ட நேர்மையான வீரர் மீறியவர்மீது இழப்பீட்டு வழக்குப் போட வேறு சட்டத்தில் உரிமை இருந்தால் அதை இந்த விதி தடுக்காது என்கிறது. உரிமையைக் கொடுக்கவில்லை, தடுக்கவில்லை, அவ்வளவுதான். அமெரிக்கா 2020 டிசம்பரில் ரஷ்யாவின் ஊக்கமருந்துச் சதியை வெளியே சொன்ன ரோட்சென்கோவ் பெயரில் ஒரு சட்டம் போட்டு, சர்வதேசப் போட்டிகளில் ஊக்கமருந்துச் சதி செய்பவர்களைக் கிரிமினல் குற்றவாளி ஆக்கியது. அதில் பாதிக்கப்பட்ட வீரருக்கு ஈடு கொடுக்கவும் இடம் உண்டு. அதன் குறி மருந்து கொடுத்தவர்கள், ஏற்பாடு செய்தவர்கள். விழுங்கிய வீரரை அது தொடுவதில்லை. நம் 2022 தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தில் தோற்றவருக்கு இழப்பீடு என்று எதுவும் இல்லை. இந்திய நீதிமன்றத்தில் அந்த வீராங்கனைமீது நஷ்ட ஈடு கேட்டால் நிற்குமா? எனக்குச் சந்தேகம். அவரால்தான் வேலை போனது என்று நேரடித் தொடர்பைக் காட்டுவது கடினம், அவரிடம் கொடுக்க ஒன்றும் இருக்கவும் இருக்காது. அந்தப் பாதையை நான் சொல்ல மாட்டேன்.

வேலை விஷயம் கொஞ்சம் வேறு. தமிழ்நாட்டில் அரசுப் பணியில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசு, ரயில்வே, வங்கி எல்லாவற்றுக்கும் தேசியப் போட்டி என்றால் ஃபார்ம்-2 சான்றிதழ்தான் கேட்பார்கள். திருத்திய ரிசல்ட் வந்ததும் மூன்றாம் இடம் என்று புது ஃபார்ம்-2 வாங்க வேண்டும். அதை வைத்து இனி வரும் அறிவிப்புக்கு விண்ணப்பிக்க எந்தத் தடையும் இல்லை, இது உறுதி. முடிந்துபோன தேர்வைத் திறக்கச் சொல்வது அந்தந்த அதிகாரியையும் கோர்ட்டையும் பொறுத்தது, இதில் நம்பிக்கை கொடுக்க என்னால் முடியாது. வயது வரம்பில் தளர்வு கேட்டு ஒரு மனு கொடுக்கலாம். கிடைத்ததையும் பார்த்திருக்கிறேன், கிடைக்காததையும்.

செய்ய வேண்டியது என்னவென்றால், முதலில் நாடாவின் தளத்தில் தடை பெற்றவர் பட்டியலையும் தீர்ப்பையும் தேடுங்கள். இறுதித் தீர்ப்பை அவர்கள் பொதுவில் வெளியிட்டாக வேண்டும். மாதிரித் தேதி அதில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேளுங்கள். மருத்துவ விவரம் தர மாட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள். மாதிரி எடுத்த நாள், எந்த நாள் முதல் முடிவுகள் ரத்து, அப்பீல் நிலுவையில் உள்ளதா என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். அப்பீல் முடியும் வரை பொறுத்திருங்கள். 2002 பூசான் ஆசியப் போட்டியில் சுனிதா ராணியின் தங்கத்தையும் வெண்கலத்தையும் பறித்தார்கள், பிறகு சோதனைக்கூடத்தின் கணக்குக் குளறுபடி தெரிந்து திருப்பிக் கொடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களோடு உட்கார்ந்து பழகியவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த வீராங்கனையின் பெயரைப் போட்டு இணையத்தில் எதுவும் எழுத வேண்டாம், வழக்கும் உங்கள்மேல் திரும்பும்.

தீர்ப்பு இறுதி, தேதியும் சாதகம் என்றால், அக்காவின் பெயரில் மாநிலச் சங்கம் வழியாகத் தேசியச் சம்மேளனத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். ரிசல்ட்டைத் திருத்துங்கள், மெடல் கொடுங்கள், புது ஃபார்ம்-2 கொடுங்கள் என்று மூன்று கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 30 நாள் அவகாசம். நகல் நாடாவுக்கும் விளையாட்டு அமைச்சகத்துக்கும். மூன்றாவதாக வந்தவரையும் பேசிச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்கு வெள்ளி வர வேண்டுமே. இரண்டு கையெழுத்துக்கு மரியாதை அதிகம். பதில் வராவிட்டால் அப்போது கோர்ட். 2005-ல் ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் வாரியம் அரசு இல்லை என்றாலும் பொதுக் கடமை செய்வதால் 226-வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்றது. விளையாட்டுச் சம்மேளனங்கள்மீது ரிட் போடுவதற்கு அந்த வழிதான் ஆதாரம். கேட்பது நஷ்ட ஈடு இல்லை, செய்ய வேண்டிய கடமையைச் செய் என்ற உத்தரவு மட்டும். அந்த மாதிரி மனுக்களுக்கு நோட்டீஸ் போன உடனேயே பல இடங்களில் ஃபைல் நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

மாதிரி போட்டிக்குப் பிறகு எடுத்தது, தனி ஆதாரமும் இல்லை என்று தெரிந்தால், நேராகச் சொல்கிறேன், அந்த மெடல் வராது. அப்போது அக்காவிடம் அதை மறைக்காதீர்கள். இப்போது வீட்டில் தேடி எடுத்து வைக்க வேண்டியவை: அந்தப் போட்டியின் அதிகாரபூர்வ ரிசல்ட் தாள், ஃபோட்டோ ஃபினிஷ் படம் கிடைத்தால் அது, அக்கா சட்டையில் குத்தி ஓடிய பிப் எண், பழைய பங்கேற்புச் சான்றிதழ், வேலைக்கு விண்ணப்பித்த ரசீது, நிராகரித்த கடிதம். மாதிரித் தேதி கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள், பெயர்கள் வேண்டாம், தேதிகள் போதும். கடிதத்தை எப்படி அமைப்பது என்று வரி வரியாகச் சொல்கிறேன்.